பன்னிரண்டடி தூரத்தில் ஒரு முயல்

மருத்துவ உளவியலில் எழில் எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், ஒரு பட்டியலைத்தான் எடுத்துக் காட்டுவேன். நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் செய்து 1924இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது அது.

பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு அப்போது 2 வயது 10 மாதம். முயலைக் கண்டால் நடுங்குவான். வெள்ளெலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாமே அவனை மிரட்டின. மரக்கட்டைகளோடு மட்டும் குதூகலமாக விளையாடினான். அச்சத்தின் எல்லைக்கோட்டை எவ்வளவு பதமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார், பாருங்கள்!

முயலை அவன் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறான் என்று காட்டும் அந்தப் பட்டியலில் 17 படிகள். அறையில் எங்கே முயல் இருந்தாலும் பயம் என்பது முதற்படி. கூண்டோடு 12 அடி தள்ளி இருந்தால் பொறுத்துக்கொள்கிறான். பிறகு 4 அடி, 3 அடி. 'பயம் குறைந்தது' என்ற மொட்டை வாக்கியம் எங்குமே இல்லை. ஒவ்வொரு படியும் கண்ணால் காணக்கூடிய ஒரு செயல். நோயை அளக்கும் கோலும் குணத்தை அளக்கும் கோலும் ஒன்றாகவே அமைந்துவிட்ட நேர்த்தி இது.

நடுவே ஒரு படியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். முயலைப் பார்த்துத் துப்புகிறான், பொருள்களை வீசுகிறான், அதைப்போலவே செய்து காட்டுகிறான். நாமாயிருந்தால் 'சேட்டை' என்று அதட்டியிருப்போம். ஜோன்ஸின் கனிந்த கண் அதை முன்னேற்றமாக எழுதிக்கொள்கிறது. ஓடி ஒளிந்த பிள்ளை எதிர்த்து நிற்கிறானே! கடைசிப் படியில் அந்த முயல் அவன் விரல்களைக் கொறிக்க, அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சிகிச்சையின் நுட்பமும் அத்தனை மென்மையானது. உயரமான நாற்காலியில் அமர்ந்து பீட்டர் விருப்பமானதைத் தின்பான். தின்பது தடைப்படாத தூரம்வரைதான் கூண்டு நெருங்கும். அவசரப்பட்டால் முயல்மேல் உள்ள பயம் உணவின்மேலும் படிந்துவிடக்கூடும். இந்த உணவு முறை தொடங்கும் முன்பே, சிகிச்சையின் நடுவில் அவனுக்குச் செங்காய்ச்சல் வந்தது. பெரிய நாயொன்று பாய்ந்து மிரட்டியது. பழைய பயமும் திரும்பியது. அந்தச் சறுக்கலையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார்.

1958இல் ஜோசப் வோல்பே தம் நூலில் இத்தகைய படிவரிசையைப் பெரியவர்களின் அச்சங்களுக்கும் முறைப்படுத்தித் தந்தார். இன்று அந்தப் பட்டியலை நோயாளியே உளவியலாளரோடு உட்கார்ந்து எழுதுகிறார், ஒவ்வொன்றும் தரும் பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுத்து. நாய்க்குப் பயப்படுபவர் என்றால், நாயின் படத்துக்கு 20. தெருமுனையில் கட்டிக்கிடக்கும் நாய்க்கு 55. அதுவே வாலாட்டினால் 60. அந்த ஐந்து எண்ணின் வித்தியாசம் அவருக்கு மட்டுமே தெரியும். உளவியலாளர் அதைத் திருத்துவதில்லை.