சூப்பர் பாண்டரோஸாவும் என் சீட்டுப் பணமும்

போன மாதம் சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. ஃபுல் ஃபிரேம் கேமரா பாடி ஒன்று வாங்கிவிடுவது என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன். வீட்டில் சொன்னதும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏங்க, இப்ப இருக்கிற கேமராவால கெட்டுப்போன படம் எதுன்னு எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்." என்னால் உடனே காட்ட முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது எழுதிவைத்ததுதான் இந்தக் குறிப்பு.

புதுக் கேமரா பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் மா. கிருஷ்ணன் கதையைச் சொல்லுவார். அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த இயற்கையியலாளர், எழுத்தாளர். சென்னையில் இருந்துகொண்டு தென்னிந்தியக் காடுகளைக் கருப்பு வெள்ளையில் பதிவு செய்தவர். அவருடைய கேமரா ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற பாகங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் அவரே பொருத்திக்கொண்டது. அந்தக் கூட்டுச் சரக்குக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோஸா'. அதைப் பார்த்த இ. பி. ஜீ, கயிறும் கம்பியும் வைத்துக் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை என்கிற தொனியில் கிண்டலாக எழுதியிருக்கிறார்.

கதையைச் சொல்பவர்கள் கடைசியில் ஒரு நீதியும் சொல்வார்கள்: "பாத்தீங்களா, கருவி முக்கியமில்லை, கண்ணுதான் முக்கியம்." இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கருவி முக்கியமில்லை என்று நினைக்கிற மனுஷன் எதற்காக ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி பாடியில் மாட்டத் தானே மெனக்கெட வேண்டும்? கையில் கிடைத்ததை வைத்தே எடுத்துவிட்டுப் போயிருக்கலாமே. என் வாசிப்பில் இது கருவியை அலட்சியப்படுத்திய கதையே அல்ல. தனக்கு எது போதவில்லை என்று தெரிந்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்துகொண்ட ஒருவரின் கதை. 2006-இல் வந்த 'ஐ இன் தி ஜங்கிள்' தொகுப்பைப் புரட்டினால், காட்டில் என்ன பார்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவரின் படங்கள் அவை என்பது புரியும். தேவை முதலில், கருவி பிறகு.

இந்த அளவுகோலை என் மீதே வைத்துப் பார்த்தேன். கண்டமங்கலத்திலிருந்து வில்லியனூர் வழியாக பைக்கில் ஊசுடு ஏரிக்குப் போவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி கேமராவும் 55-250 லென்ஸும். போன குளிர்காலத்தில் கழித்துப் போட்ட படங்களை எல்லாம் திறந்து, ஏன் கெட்டது என்று நான்கு ஃபோல்டராகப் பிரித்தேன்.

பெரிய ஃபோல்டர் என் தப்புதான். பறக்கிற நத்தைகுத்தி நாரையை 1/250-இல் எடுத்தது, சூரியனுக்கு எதிராக நின்று எடுத்தது, பறவை எழும்பிய பிறகு கேமராவைத் தூக்கியது. இரண்டாவது, தூரம்: தண்ணீர் நடுவில் புள்ளி புள்ளியாக நாமக்கோழிகள். மூன்றாவது, வெயில் ஏறிய பிறகு எடுத்தவை. சூடான காற்று அலையடிக்கும்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. நான்காவது, பாடியின் குறை: ஃபோகஸ் பறவையை விட்டு நழுவியவை, ஐஎஸ்ஓ 3200-இல் மணல் மணலாக வந்தவை. அதில் இருந்தவை ரொம்பக் கொஞ்சம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் ஏபிஎஸ்-சியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பரப்பளவு கொண்டது. மங்கலான வெளிச்சத்தில் அது உதவும், உண்மை. ஆனால் அதே 250 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால் நாமக்கோழி படச்சட்டத்தில் இன்னும் சின்னதாகத் தெரியும். பழைய அளவுக்கு வெட்டி எடுத்தால் 24 மெகாபிக்சலில் சுமார் 10 தான் மிஞ்சும். பெரிய சென்சாரால் கிடைத்த லாபமும் வெட்டியதோடு போய்விடும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து என் இரண்டாவது ஃபோல்டரை நானே மோசமாக்கியிருப்பேன்!

எனக்குக் கிடைத்த விதி இவ்வளவுதான். தூரமோ வெளிச்சமோ திரும்பத் திரும்பப் படத்தைக் கெடுத்தால் லென்ஸ் பக்கம் போகலாம். எஃப் 5.6-லிருந்து எஃப் 4-க்கு வந்தாலே வெளிச்சம் இரட்டிப்பு. 3200 கேட்ட இடத்தில் 1600 போதும். லென்ஸ் சரி, ஷட்டர் வேகம் சரி, வெளிச்சமும் இருக்கிறது, அப்படியும் ஃபோகஸ் நிற்கவில்லை என்றால் பாடியை மாற்றலாம். முதல் ஃபோல்டர்தான் பெரிது என்றால் இரண்டும் வேண்டாம். விடியற்காலையில் எழுந்து போனால் போதும்.

ஒரு மறுப்பு வரலாம். கிருஷ்ணன் எழுத்தையும் படத்தையும் நம்பிப் பிழைத்தவர். நமக்கு இது பொழுதுபோக்கு, ஆசைக்கு வாங்கினால் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனால் ஆசைக்கு வாங்குகிறேன் என்றே வீட்டில் சொல்ல வேண்டும். "படம் நல்லா வரும்" என்று சொல்லி வாங்கினால், வராத அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் அந்தப் பொய்யைச் சொல்ல இருந்தேன்.

சீட்டுப் பணம் இப்போதைக்கு பேங்கில் இருக்கிறது. அடுத்த சீசனில் நீளமான லென்ஸ் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஊசுடுவுக்குக் கொண்டுபோகப் போகிறேன். திரும்பி வந்து மறுபடி நான்கு ஃபோல்டர் போடுவேன். இரண்டாவது ஃபோல்டர் நிஜமாகவே சுருங்கியிருந்தால், மனைவியிடம் காட்ட அப்போது என்னிடம் படங்கள் இருக்கும்.