ஆணி வரிசையில் ஒரு நடை

கோவில்பட்டி வட்டாரத்தில் வீடு, மாட்டுக்கொட்டகை, தீப்பெட்டி ஆபீஸ் ஷெட் என எங்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரைகளைப் பார்க்கலாம். ஒழுகலை அடைக்க மேலே ஏறுகிறவருக்குப் பழகியவர்கள் சொல்லும் பாடம் ஒன்றுதான்: ஆணி இருக்கிற வரிசையில் கால் வை. இந்தப் பாடத்தைக் குருட்டு வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. கொக்கி ஆணி இறங்கும் இடத்தில்தான் கீழே குறுக்குச் சட்டம் ஓடுகிறது. அங்கே மிதித்தால் ஆளின் எடை ஷீட்டில் தங்காமல் சட்டத்துக்கு இறங்கிவிடும். ஓட்டுக்கூரையில் ஓடு உடைந்தாலும் நெருக்கமாக அடித்த ரீப்பரில் கால் சிக்கி நிற்க வாய்ப்புண்டு. 6 மி.மீ. கனமுள்ள சிமெண்ட் ஷீட் அப்படியல்ல. அது வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று உடையும், உடைந்தால் ஆளே கீழே போய்விடுவார். இந்த வேறுபாட்டைக் கண்டறிந்தவர்களின் அனுபவ அறிவுதான் ஆணி வரிசை விதி.

ஆனால் அந்த அறிவு பாதி வழியில் நின்றுவிடுகிறது. 6 மி.மீ. ஷீட்டுக்குச் சட்டங்களுக்கிடையே 1.4 மீட்டர் வரை இடைவெளி விடலாம் என்பது கட்டுமானக் கணக்கு. மனிதனின் ஓர் எட்டு ஏறக்குறைய அதில் பாதிதான். எனவே ஷீட்டின் அகலவாட்டில், ஒரே சட்டத்தின் மேல் நடக்கிறவரை விதி செல்லும். முகட்டை நோக்கி ஏறத் தொடங்கினாலோ ஒவ்வோர் இரண்டாவது எட்டும் சட்டமில்லாத நடுவயிற்றில்தான் விழும். அகலவாட்டில் நடப்பதும் எளிதல்ல. ஆணி இருப்பது அலையின் மேட்டில். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 14.6 செ.மீ. இந்த மேடுகளின்மேல், கையில் பிடி ஏதுமின்றிக் கயிற்றின்மேல் நடப்பதுபோல நடக்க வேண்டும். பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை ஆணி வரிசையில் நடப்பதையே கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான். போதாததற்கு, ஆணிக்காகத் துளையிட்ட இடமே ஷீட்டின் பலவீனமான இடம். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஓடும்.

கோவில்பட்டியின் கரிசல் நிலத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. கோடையில் வாய்பிளந்து கிடக்கும் கரிசல், ஐப்பசி மழையில் உப்பிப் பெருக்கும். ஆழமாக அடித்தளம் போடாத சுவர் அதனோடு எழும்பித் தாழும். சுவர் அசைந்தால் சட்டம் சற்றே திருகும். ஆணியை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தால் அந்தத் திருகல் நேராகத் துளையின் விளிம்பில் இறங்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஆணி ஒழுங்காக வரிசையில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள மயிரிழை விரிசலோ புழுதியில் மறைந்திருக்கும். அன்றைக்கு ஆள் பத்திரமாக இறங்கிவிடலாம். அவர் மிதித்து அகலமாக்கிய விரிசல் அடுத்த மழைக்கு ஒழுகும், அதை அடைக்க மீண்டும் ஒருவர் ஏறுவார். கூரையைக் காக்கச் செய்யும் வேலையே கூரையைக் கெடுக்கும் இந்தச் சுழற்சியைப் பலர் ஷீட்டின் தரக்குறைவு என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

முப்பது வருடமாக இப்படித்தான் ஏறுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்பது வலுவான மறுப்பாகத் தோன்றும். ஆள் அதே ஆளாக இருக்கலாம். ஷீட் அதே ஷீட் அல்ல. வெயிலும் மழையும் தின்ற பழைய ஷீட் போன வருடம் தாங்கியது என்பது இந்த வருடத்துக்குச் சான்றாகாது. விழாதவர்கள்தான் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மற்றொரு மறுப்பு, பத்து நிமிட வேலைக்குப் பலகை, கயிறு, கூட ஓர் ஆள் என்று செலவழிக்க முடியுமா என்பது. தினக்கூலிக்கு வருகிறவரின் நிலையில் இது நியாயமான கேள்வி. அதனால் அந்தச் செலவை அவர் தலையில் கட்டக் கூடாது, கூரைக்கு உரியவரே ஏற்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளிலேயே கூரையில் ஊர்ந்து செல்லும் பலகைக்கு இடமுண்டு. பத்தடிப் பலகை இரண்டு போதும்: 1.4 மீட்டர் இடைவெளியில்கூட ஒவ்வொன்றும் மூன்று சட்டங்களைத் தொடும். குறுக்கே சிறு கட்டைகள் அடித்து, முகட்டுக்கு அப்பால் கயிற்றால் கட்டிவிட்டால் வழுக்காது. ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்தி முன்னேறலாம். சிறு ஒழுகலாக இருந்தால் அதற்குக்கூட அவசியம் இல்லாமல் போகலாம். கீழே சாரம் கட்டி, உள்ளிருந்தே ஷீட்டை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் தீயணைக்க மணல் வாளி வைப்பதுபோல இந்த இரண்டு பலகைகளையும் ஷெட்டின் ஓரத்தில் வைத்திருக்கலாம். ஐப்பசிக்கு முன்பே, கூரை காய்ந்திருக்கும் புரட்டாசியில் அவற்றை வெளியே எடுக்கலாம்.