கவிதையும் உய்த்துணர்வும்: குறுந்தொகை 25ஐ முன்வைத்து ஒரு குறிப்பு

கவிதை கற்பித்தலைப் பதவுரை, பொழிப்புரை கூறுதலாகவே நாம் பெரும்பாலும் கருதிவந்துள்ளோம். கவிஞர் சொல்லாததையும் ஆசிரியரே சொல்லிவிடுவதால், மாணவர் உய்த்துணர எதுவும் எஞ்சுவதில்லை.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் செய்யுளை நோக்குவோம். தலைவன் தன்னைக் கூடிய வேளையில் வேறெவரும் அங்கிருக்கவில்லை என்கிறாள் தலைவி. ஓடுநீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்ற குருகு மாத்திரமே இருந்தது. அது சாட்சியாகாது என்பதற்கான காரணத்தைக் கவிஞர் கூறவில்லை. இரையன்றி வேறெதையும் அது நோக்காது என்பதை மாணவரே கண்டறிதல் வேண்டும். தலைவனும் அக்குருகைப் போன்றவன்தானோ என்னும் ஐயம் அடுத்து எழும்.

உய்த்துணர்வு மனம்போன போக்கிலான ஊகமன்று. அவ்வையத்திற்குச் செய்யுளில் ஆதாரம் யாது எனக் கேட்போமாயின், தலைவனை அவள் திருடனாகக் குறிப்பிடுவதை மாணவர் சுட்டுவர். மணம் தாமதித்தபோது தோழிக்குக் கூறியது எனச் செய்யுளின் அடியிலுள்ள துறைக்குறிப்பை இறுதியிலேயே காட்டவேண்டும். முதலிற் காட்டின் அது விடையாகிவிடும். இறுதியிற் காட்டின், மாணவர் தம் முடிபைச் சரிபார்க்கும் அளவுகோலாகும்.

அவளுக்குச் சாட்சி ஏன் தேவைப்பட்டது என்பதே எஞ்சும் வினா. ஆண்பெண் உறவில் வஞ்சனை தலைகாட்டிய பின்னரே மணச்சடங்குகள் விதிக்கப்பட்டன என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. தன் சொல்லை மாத்திரம் கொண்டு உரிமையை நிலைநாட்ட இயலாத பெண்ணின் நிலையை அச்செய்தி உணர்த்துகின்றது. சமூக வரலாற்றைப் புறக்கணிக்கும் கவிதைக் கல்வி, குருகின் அழகை இரசிப்பதோடு நின்றுவிடும். தலைவியின் அச்சம் அதற்குப் புலப்படாது.