சீமோன் வீட்டுப் பந்தி

லூக்கா நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து வருகிறது. சீமோன் என்ற பரிசேயர் இயேசுவைச் சாப்பிட அழைக்கிறார். ஊரார் பாவி என்று ஒதுக்கிய ஒருத்தி, பரணியில் நறுமணத் தைலத்தோடு அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறாள். மொத்தம் 15 வசனங்கள். படிக்கப் படிக்க ஊறுகிற இடம் இது.

அவர்கள் பந்தியமர்ந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். அக்காலத்து விருந்தில் கையை ஊன்றிச் சாய்ந்து, கால்களைப் பின்பக்கம் நீட்டிச் சாப்பிடுவார்கள். அதனால்தான் அவளால் எதிரே வராமல், பின்னால் நின்றபடியே பாதங்களை நெருங்க முடிகிறது. ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இயேசுவை நாற்காலியில் உட்கார்த்திவிட்டதில் இந்த அழகு போய்விட்டது. அவள் தைலம் பூசத்தான் வந்தாள். அழ வேண்டுமென்று வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. கண்ணீர் பாதத்தில் விழுந்துவிட்டது. துடைக்கக் கையில் துணி இல்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டாள். நாலு பேர் பார்க்க ஒரு பெண் செய்யத் தகாத காரியம் அது. அந்த நேரத்தில் அவளுக்கு நாலு பேர் நினைவில் இல்லை.

சீமோனுக்கு நினைவில் இருக்கிறது. இவர் தீர்க்கதரிசி என்றால் தன்னைத் தொடுகிறவள் யாரென்று தெரியாமலா இருக்கும் என்று மனதுக்குள் நினைக்கிறார். வாய் திறந்து சொல்லாத அந்த நினைப்புக்கு இயேசு பதில் சொல்கிறார். தெரியுமா என்ற சந்தேகத்துக்கு இதைவிட மென்மையான பதில் ஏது! ஒருவனிடம் 500 வெள்ளிக்காசு கடன்பட்டவனும் 50 காசு கடன்பட்டவனுமாக இருவரைப் பற்றிய சின்னக் கதை அது. ஒரு காசு ஒரு கூலியாளின் நாள் சம்பளம். இருவராலும் கட்ட முடியவில்லை, இருவருக்கும் தள்ளுபடி. யாருக்கு அன்பு அதிகமாக இருக்கும்? அதிகம் தள்ளுபடி பெற்றவனுக்கு என்று நினைக்கிறேன் என்கிறார் சீமோன். அந்த ‘நினைக்கிறேன்’ என்ற இழுப்பில் ஒரு முழு மனிதர் தெரிகிறார்.

அடுத்து வருவதுதான் இந்தப் பகுதியின் உச்சம் என்பேன். இயேசு அவள் பக்கம் திரும்பிக்கொண்டு சீமோனோடு பேசுகிறார். முகம் அவளுக்கு, சொல் அவருக்கு. இவளைப் பார்க்கிறாயா என்பதுதான் முதல் கேள்வி. சீமோன் அதுவரை பார்த்ததெல்லாம் அவளைப் பற்றிய ஊர்ப்பேச்சைத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறார்: கால் கழுவ நீ தண்ணீர் தரவில்லை, அவள் கண்ணீரையே தந்தாள்; நீ முத்தமிட்டு வரவேற்கவில்லை, அவள் பாதங்களை விடாமல் முத்தமிடுகிறாள்; நீ தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, அவள் காலுக்கே நறுந்தைலம் பூசினாள். வீட்டுக்காரர் முகத்துக்குச் செய்யாததை அவள் பாதத்துக்குச் செய்திருக்கிறாள். சாதாரண எண்ணெய்க்கு ஈடாக வந்தது விலையுயர்ந்த தைலம்.

இதிலும் ஒரு நயம் உண்டு. வாசலில் இந்தக் குறைகள் நேர்ந்தபோது இயேசு ஒன்றும் சொல்லவில்லை. கழுவாத காலோடு பேசாமல் பந்தியில் அமர்ந்தார். தனக்கென்று கேட்காதவர், சீமோன் அவளைக் குறை நினைத்த பிறகே அவளுக்காக வாய் திறக்கிறார். சீமோன் எந்தக் கட்டளையையும் மீறியதாகக் கதையில் இல்லை. சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் கிறிஸ்தவ வாழ்க்கை நாள்தோறும் நடப்பது அந்தச் செம்புத் தண்ணீரில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதை முழுவதும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வாழ்ந்த கசியா என்ற துறவி, அவளே பேசுவதாக ஒரு பாடல் இயற்றினார். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் புனித வாரத்தில் இன்றும் அதைப் பாடுகிறார்கள். பேசாதவளுக்கு இன்னொரு பெண்ணிடமிருந்தே குரல் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சீமோன் பிறகு என்ன செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. ஆனால் 50 காசுக் கடனாளியும் அந்தக் கதையில் இருக்கிறான். அவனாலும் கட்ட முடியவில்லை, அவனுக்கும் தள்ளுபடி ஆயிற்று. கடிந்து சொன்னபோதும் இயேசு அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்று எழுந்து போகவும் இல்லை.