மரக்கலமும் தூண்டிலும்

பொதுவிடத்துக் கலைப்படைப்பு அவ்விடத்தின் வரலாற்றை மூடிமறைத்தலும் உண்டு. மறைந்ததை வெளிக்கொணர்தலும் உண்டு. அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தைச் சார்ந்தெழுந்த இரு படைப்புக்களை ஒப்புநோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது புலனாகும்.

1788ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் குடியேற்றம் அத்துறையில் தொடங்கியது. 1988 சனவரி 26இல் அதன் இருநூற்றாண்டு நிறைவு கொண்டாடப்பட்டபோது பாய்மரக் கப்பல்கள் மீண்டும் துறைமுகம் புகுந்தன. ஆதிக்குடிகளோ பல்லாயிரவராய்த் திரண்டு வீதியில் எதிர்ப்பூர்வலஞ் சென்றனர். அவ்வாண்டிலேயே, தன்பால் விழைவோர் நடத்தும் மார்டி கிரா ஊர்வலத்தில் ஆதிக்குடிகளின் முதலாவது ஊர்தி இடம்பெற்றது. அவ்வூர்தி ஒரு படகு. ஆதிக்குடி நடனக் கலைஞரான மல்கம் கோல், கப்டன் குக்கின் கோலம் பூண்டு அதன்மீது நின்றார். வெள்ளையர் அதனை இழுத்துச் சென்றனர்.

நகையே இதன் மேற்றோற்றம். அடியிற் கிடந்தது அவலம். கடல்வழி வந்தோரின் உடை, நிலமிழந்தோரின் வழித்தோன்றல்மீது ஏறியது. ஆடவரின் தன்பாலுறவு அம்மாநிலத்திற் குற்றமெனக் கருதப்படாதொழிந்தது 1984இலேதான். குலத்தாலும் விழைவாலும் ஒதுக்கப்பட்டோர், அவ்விரண்டனுள் ஒன்றையும் மறையாது வீதிக்கு வந்தமையே அப்படைப்பின் வலிமை.

மற்றையது வாண்யி குலத்தவரான ஜூடி வாட்சன் ஆக்கிய 'பரா' என்னுஞ் சிற்பம். 2022இல் ஒப்பெரா மாளிகைக்கு அண்மையிலுள்ள உயர்ந்த புற்றரையில் இது நிறுவப்பட்டது. 'பரா' என்பது ஈயோராப் பெண்டிர் சிப்பியோட்டை உரைத்துச் செய்த பிறைவடிவத் தூண்டில்முள். ஆடவர் ஈட்டியால் மீன் குத்த, பெண்டிர் மரப்பட்டைத் தோணியிற் களிமண்மேல் தீ வளர்த்து, தூண்டிலிட்டு மீன் பிடித்தனர். கைக்குள் அடங்கும் அம்முள், இன்று ஆறு மீற்றருக்கும் மேலாக ஓங்கி நிற்கின்றது. ஆள்வோர்க்கும் படைத்தலைவர்க்குமே உரியதென்றிருந்த உயரத்தை உழைக்கும் பெண்டிர்க்கு வழங்கியமை போற்றத்தக்கது.

எனினும் ஒரு குறையுண்டு. கயிறும் தோணியும் தீயும் நீங்கிய முள்ளிலே தொழிலின் அசைவு இல்லை. வரலாறறியார் அதனை வெறும் பிறையெனக் கண்டு வியந்து செல்லுதல் கூடும். படகூர்தியோ தன் பொருளைக் காண்போர் தவறவிட இடங்கொடுத்திலது. ஆயினும் அது ஓரிரவின் காட்சி.

நிலைத்தது யாவும் வலியதன்று. வலியது யாவும் நிலைப்பதன்று. நீர்வழி வந்தோர் யாரென ஒன்று வினவியது. அவர்க்கு முன்னரே நீரால் வாழ்ந்தோர் யாரென மற்றையது விடையிறுக்கின்றது. வினாவை மறந்த நகர்க்கு விடை வெறும் அணிகலனேயாகும்.