விடைகளைக் கையால் மூடிக்கொண்டு

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், உதட்டைச் சுற்றி மரமரப்பாக இருப்பதாக நோயாளி சொல்கிறார். செவிலியர் எதைச் சந்தேகிக்க வேண்டும்? அமெரிக்க உரிமத் தேர்வான என்.சி.எல்.இ.எக்ஸுக்குப் படிக்கும் பெண் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள்: பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டுக் கால்சியம் இறங்கியிருக்கலாம், குரல்வளை இறுகி மூச்சடைக்கலாம், கால்சியம் குளுகோனேட் கையருகே இருக்கட்டும்.

வார்டில் எந்த அம்மாவும் உதட்டைச் சுற்றி மரமரப்பு என்று சொல்வதில்லை. "வாய் ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர், டீ குடிக்கலாமா?" என்பார். அதுவும் துணைக்கு இருக்கும் மகள் வந்து சொன்னால்தான் உண்டு.

கேள்வி வங்கியை வைத்துப் படிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டியூட்டி ஏறியதும் முதல் கட்டிலில் தொடங்கி வரிசையாகப் போகப் பழகியவள் நான். எலும்பு முறிந்து கத்துபவரைவிட, பொட்டாசியம் 6.5 என்று ரிப்போர்ட் வந்தும் சத்தமில்லாமல் படுத்திருப்பவரை முதலில் பார் என்று பாடப்புத்தகம் என்னை உலுக்கவில்லை, கேள்விகள் உலுக்கின. தவறான விடை ஏன் தவறு என்ற விளக்கமும் அங்கேதான் கிடைக்கிறது. நெஞ்சில் குழாய் போட்டவருக்கு உறிஞ்சு அறையில் குமிழி வந்தால் பயமில்லை. நீரடைப்பு அறையில் விடாமல் வந்தால் எங்கோ காற்று கசிகிறது. இரண்டையும் குழப்பி ஒருமுறை தப்பாக எழுதியவள் பிறகு மறக்க மாட்டாள்.

கெடுப்பது சூத்திரம். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையை மனப்பாடம் செய்தவள், ஆக்சிஜன் என்ற சொல் கண்ணில் பட்டதும் அதைத் தேர்ந்தெடுக்கிறாள். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கும் சர்க்கரை நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது 15 கிராம் சர்க்கரை, ஆக்சிஜன் அல்ல. இதயம் நின்றவருக்குக்கூட அந்த வரிசை பொருந்தாது. அமெரிக்க இதயச் சங்கமே 2010இல் அதை மாற்றி, மார்பை அழுத்துவதை முன்னால் வைத்தது.

இன்னொன்று, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகள். எதைப் பதிவு பெற்ற செவிலியர் செய்ய வேண்டும், எதை எல்.பி.என் எனப்படும் அடுத்த நிலை உரிமச் செவிலியரிடம் விடலாம் என்று கேட்பார்கள். நம் வார்டில் எல்.பி.என் என்று ஒருவர் இல்லை. பார்த்தே இராத ஆளுக்கு வேலை ஒதுக்கப் பழகுகிறார்கள், பாவம்.

தேர்வு நடத்துபவர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2023 ஏப்ரலில் தேர்வை மாற்றினார்கள். ஒரே நோயாளியைச் சுற்றி ஆறு கேள்விகள்: எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதற்கு என்ன அர்த்தம், செய்ததற்குப் பலன் கிடைத்ததா என்று போகும். பாதி சரியென்றாலும் மதிப்பெண் உண்டு. நல்ல மாற்றம். ஆனாலும் அறிகுறிகள் குறிப்பேட்டில் அச்சடித்தே வருகின்றன. தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. கோச்சிங் வகுப்புகள் அதற்கும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டன.

என் வகுப்பில் கேள்வியைக் காட்டி, விடைகளைக் கையால் மூடச் சொல்வேன். இந்த அம்மாவிடம் இன்னும் என்ன கேட்பாய்? கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "விரல் நுனியும் மரத்துப்போகுதாம்மான்னு கேட்பேன் மிஸ்."