ஓயாத சனிக்கிழமை: ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியின் பல்சுவை மரபு

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 23 ஆண்டுகள் ஒளிபரப்பிய எட் சல்லிவனின் ஞாயிறு நிகழ்ச்சியை 1971இல் நிறுத்தியது. பாட்டு, நகைச்சுவை, சர்க்கஸ் வித்தை எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றிய பல்சுவை நிகழ்ச்சி ஆங்கிலத் தொலைக்காட்சியில் அதன்பின் தேய்ந்துகொண்டே போனது. காலம் கடந்த வகை என்று அத்துறையினர் அதைக் கைகழுவினார்கள். ஆனால் அதே நாட்டில், சில எண்கள் தள்ளியிருந்த அலைவரிசையில், ஸ்பானிய மொழியில் அந்த வகை 2015 வரை சனிக்கிழமை இரவுகளை ஆண்டது. ஒரு மொழியில் செத்தது இன்னொரு மொழியில் எப்படி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தது? இந்தத் துறையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது என்னை விடாமல் துரத்தும் கேள்வி இதுதான். தொகுப்பாளரின் வசீகரம் என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை.

முதலில் அந்தத் தொகுப்பாளர். மரியோ கிரோய்ட்ஸ்பெர்கர் 1940இல் சிலி நாட்டின் தால்கா ஊரில் பிறந்தவர். பெற்றோர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். தந்தை தையற்கலைஞர். மகனும் அதே தொழிலில் தேறட்டும் என்று நியூயார்க்குக்குப் படிக்க அனுப்பினார். அங்கே விடுதி அறையில் மகன் கண்டது தொலைக்காட்சிப் பெட்டி. ஊர் திரும்பியதும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் 13ஆம் அலைவரிசையின் கதவைத் தட்டினார். சிலியில் தொலைக்காட்சி அப்போது பல்கலைக்கழகங்களின் கையில் இருந்தது. 1962இல் உலகக் கோப்பைக் கால்பந்து அங்கே நடந்ததையொட்டித்தான் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமையில் பிறந்து சனிக்கிழமைக்கு இடம்பெயர்ந்து, கடைசியில் ‘சபாடோ ஹிகான்தே’, அதாவது ராட்சதச் சனிக்கிழமை, என்று நிலைத்தது. இளமையில் சங்க மேடையில் தான் நடித்த நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டு அவர் டோன் பிரான்சிஸ்கோ ஆனார்.

அவர் தனி மரம் அல்ல. அர்ஜென்டினாவில் பிபோ மன்செராவின் சனிக்கிழமை நிகழ்ச்சியும் 1962இல்தான் தொடங்கியது. சங்கிலியால் கட்டுண்டு நீரில் இறங்கித் தப்பிக்கும் சாகசங்களைக்கூட அவரே செய்து காட்டினார். பெருவில் அவுகுஸ்தோ ஃபெர்ரான்தோ 1966 முதல் 1996 வரை முப்பது ஆண்டுகள் புதுமுகப் பாடகர்களுக்கு மேடை தந்தார். மெக்சிகோவில் ராவுல் வெலாஸ்கோவின் ஞாயிறு நிகழ்ச்சி 1969 முதல் 1998 வரை ஓடியது. வெனிசுவேலாவில் அமதோர் பெந்தயான். ஸ்பெயினில் 1972இல் தொடங்கிய, ருப்பெர்த்தா என்ற பூசணிக்காயைச் சின்னமாகக் கொண்ட வினாடிவினாக் கலவை வேறு இனம். இடைவெளி விட்டுவிட்டுப் பருவங்களாக வந்தது, எழுதிய பிரதியைப் பின்பற்றியது. அதை இங்கே விட்டுவிடலாம்.

இவற்றுள் வெலாஸ்கோவின் மேடை ஒரு சுங்கச் சாவடி. மெக்சிகோவில் பெரும் பாடகராக வேண்டுமானால் அவ்வழியாகத்தான் போகவேண்டும். ஃபெர்ரான்தோவின் மேடை நேர்மாறானது. லிமா நகரத்தின் ஏழைகள் பாட வந்தார்கள், பரிசாகச் சமையல் சாமான் வாங்கிப் போனார்கள், போகிற போக்கில் கேலியையும் வாங்கிக்கொண்டார்கள். டோன் பிரான்சிஸ்கோ இரண்டையும் கலந்தார். அவருடைய பாட்டுப் போட்டியில் முகமூடியணிந்த ‘நரி’ ஒன்று நிற்கும். சுதி தப்பியவரின் பாட்டை அது எக்காளம் ஊதி வெட்டிவிடும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பருத்த உடலைக் கேலி செய்வது, பெண்களின் பின்னழகுக்குப் போட்டி வைப்பது எல்லாம் அங்கே சாதாரணம். அவற்றை அந்தக் காலத்து வழக்கம் என்று பூசி மெழுக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்திலேயே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

அதே மேடையில் அரைமணி கழித்து, பல்லாண்டுகள் பிரிந்திருந்த தாயும் மகனும் சந்தித்து அழுவார்கள். அழுகை அடங்குவதற்குள் அரங்கிலிருந்தோர் ஒரு சோப்புத்தூளின் விளம்பரப் பாட்டைக் கோரஸாகப் பாடுவார்கள். கடைசியில் யாரோ ஒருவர் காரை வெல்வார். விளம்பரம் இங்கே இடைவேளை அல்ல, நிகழ்ச்சியின் ஓர் அங்கம். தொலைவியக்கி பரவியபின் மற்ற அலைவரிசைகள் விளம்பர நேரத்தில் நேயர்களைத் தொலைத்தபோதும் இந்த ஏற்பாடு தாங்கியது என்றே நினைக்கிறேன்.

ஆய்வாளர்கள் இந்த மரபை மூன்று கோணங்களில் அணுகியிருக்கிறார்கள். கொலம்பியாவில் வாழ்ந்த ஹேசுஸ் மர்தின்-பர்பெரோ 1987இல் வெளியிட்ட நூல் வழிகாட்டி. பாமர ரசனையை ஊடகம் ஏமாற்றிப் பறித்தது என்ற பழைய வாதத்தை ஒதுக்கிவிட்டு, மக்கள் மிகையுணர்ச்சி நாடகங்களில் தங்களையே அடையாளம் காண்கிறார்கள் என்றார் அவர். பல்சுவை நிகழ்ச்சியின் தாய்–மகன் சந்திப்பை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிட்டவில்லை. ஆனால் யார் காசு கொடுத்தார்கள் என்பதை இந்தக் கருவி காட்டாது.

இரண்டாவது கோணம் அரசியல். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, பினோசெட் ஆட்சியின் கீழ் சிலியின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் என்ன செய்தன என்று வரலாற்றாளர் செர்ஹியோ துரான் ஆராய்ந்திருக்கிறார். இந்த இடம் கடினமானது. ஊரடங்கும் ஆள்கடத்தலும் நடந்த நாட்டில் சனிக்கிழமைச் சிரிப்பு ஆட்சிக்கு வசதியாக இருந்தது, மறுக்க முடியாது. அந்தக் காலத்தில்தான், 1978 டிசம்பரில், எல்லைத் தகராறில் அர்ஜென்டினாவோடு போர் மூளும் நிலையில் நாடு இருந்தபோது, டோன் பிரான்சிஸ்கோ ‘தெலெத்தோன்’ என்ற தொடர் நேரலையை நடத்தினார். உடற்குறையுள்ள குழந்தைகளின் மறுவாழ்வு நிலையங்களுக்குப் பணம் திரண்டது. அந்த நிலையங்கள் இன்றும் நடக்கின்றன. ஆட்சிக்கு ஒத்தாசையா, மக்களின் சொந்த ஒற்றுமையா என்ற கேள்விக்கு ஒரே விடை தேடுவோர் ஏமாறுவார்கள். இரண்டும் ஒரே மேடையில் நின்றன.

மூன்றாவது கோணம்தான் என் கேள்விக்கு நெருங்கி வருகிறது. 1986 ஏப்ரலில் டோன் பிரான்சிஸ்கோ மியாமியில் கடைவிரித்தார். அப்போது அமெரிக்காவின் ஸ்பானிய ஒளிபரப்பு பெரும்பாலும் மெக்சிகோவின் தெலெவிசா அனுப்பிய சரக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோக்காரர்கள், நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், மியாமியில் கியூபாக்காரர்கள். ஒருவர் சிரிப்பு இன்னொருவருக்குப் புரியாது. அமெரிக்கக் குடிமதிப்பு எல்லாரிடமும் ‘ஹிஸ்பானிக்’ பூர்வீகம் கேட்கத் தொடங்கியதே 1980இல்தான். ஜி. கிறிஸ்டினா மோரா 2014இல் எழுதிய நூலின் வாதம் இது: அந்த அடையாளத்தைச் செயற்பாட்டாளர்களும் அதிகாரிகளும் ஊடகக்காரர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். விளம்பர நிறுவனங்களின் பங்கை அர்லீன் தாவிலா அதற்கு முன்பே, 2001இல், கறாராக விவரித்திருந்தார்.

அடையாளத்தை உருவாக்கிய இந்தப் பட்டறைக்கு ஒரு சிலிக்காரர் பொருத்தமான ஆள். அமெரிக்காவில் சிலிக்காரர்கள் சொற்பம். எனவே எந்தப் பெரிய கூட்டத்துக்கும் அவர் பங்காளி இல்லை, எல்லாருக்கும் விருந்தாளி. 1992 வரை சான்டியாகோவுக்கும் மியாமிக்கும் பறந்து இரண்டு நிகழ்ச்சிகளையும் நடத்திவிட்டு, பிறகு மியாமியில் மட்டும் நிலைகொண்டார். நிகழ்ச்சி 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. 2000இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் புஷ், அல் கோர் இருவருமே அந்த மேடைக்கு வந்தார்கள்.

இப்போது என் விடை. ஆங்கிலத் தொலைக்காட்சி எழுபதுகளிலேயே நேயர்களை வயதுவாரியாக வெட்டி விற்கப் பழகிவிட்டது. பாட்டியும் பேரனும் ஒன்றாகப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அந்தச் சந்தையில் விலையில்லை. ஸ்பானியச் சந்தையிலோ முழுக் குடும்பமும் ‘ஹிஸ்பானிக்’ என்ற ஒரே மூட்டையாக விற்பனையானது. நீல்சன் நிறுவனம் 1992இல் அவர்களுக்கெனத் தனிக் கணக்கெடுப்பையே தொடங்கியது. மூட்டை கட்டாயிருந்தவரை மூன்று மணி நேரப் பல்சுவைக்கு மவுசு குறையவில்லை. 2007இல் அந்தத் தனிக் கணக்கு முடிந்து, ஸ்பானிய அலைவரிசைகள் ஆங்கில அலைவரிசைகளோடு ஒரே தராசில் ஏறின. இளைய நேயரே விலையைத் தீர்மானிக்கும் தராசு அது. அமெரிக்காவிலேயே பிறந்த தலைமுறையும் ஆங்கிலத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 2015 செப்டம்பர் 19ஆம் தேதி நிகழ்ச்சி முடிந்ததற்குத் தொகுப்பாளரின் 74 வயதை மட்டும் காரணம் காட்டும் கட்டுரைகள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறுகின்றன. 53 ஆண்டு ஓட்டம் கின்னஸில் ஏறியது. மறு ஆண்டே அவர் போட்டி அலைவரிசையான தெலெமுந்தோவில் உரையாடல் நிகழ்ச்சி தொடங்கினார். அது பழைய உயரத்தைத் தொடவில்லை.

இந்த விளக்கத்துக்கு அடங்காத ஒருவர் இருக்கிறார். கொலம்பியாவின் ஹோர்ஹே பரோன் 1969இல் தொலைக்காட்சியில் தொடங்கிய இசை நிகழ்ச்சி, பிற்பாடு ஸ்டுடியோவை விட்டே வெளியேறிச் சிற்றூர்த் திடல்களுக்குப் போனது. நுழைவுச் சீட்டு கிடையாது. வெயிலில் நெரியும் கூட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சச் சொல்லித் தீயணைப்பு வண்டிக்குக் கையசைப்பார், நல்வாய்ப்புக்கென மேடையில் ஓர் உதை விடுவார். ஆய்வாளர்களின் கண் மியாமியிலேயே நிற்பதால் பரோனைப் பற்றி எழுதப்பட்டது மிகக் கொஞ்சம். வயதுவாரிக் கணக்கின் தயவு தேவைப்படாமல் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த இந்த நிகழ்ச்சியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஊருக்கு வரவழைத்தது யார், செலவை ஏற்றது எந்த நகராட்சி, மேடைக்குப் பின்னால் எந்த வேட்பாளர் நின்றார் என்பதிலிருந்து தொடங்கலாம்.